வெளிநாட்டில் உடம்புக்கு முடியாமல் போனால்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊரில் காய்ச்சல் என்றால் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. தெருமுனை கிளினிக்கில் ஓர் ஊசி. கேட்காவிட்டால் தருமபுரி மெடிக்கல் காலேஜ். அங்கும் ஆகாது என்றால் சேலம் அல்லது பெங்களூரு. துபாயிலோ ரியாத்திலோ இந்த வரிசை செல்லாது. எந்த ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்ப்பார்கள், யார் பணம் கட்டுவார்கள் என்பதை அங்கே இன்சூரன்ஸ்தான் தீர்மானிக்கிறது. அது தெரியாமல் நடுராத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அலைகிறவர்தான் அதிகம் இழக்கிறார். அதனால் வேலையில் பாதி, உடம்பு நன்றாக இருக்கும்போதே முடிக்க வேண்டியது.

கிளம்பும் முன்

வளைகுடா வேலை விசாவுக்கு முதல் வாசல் மெடிக்கல். முன்பு காம்கா என்றார்கள். இப்போது வாஃபித் இணையதளத்தில் பதிவு செய்து, அங்கீகரித்த மையத்தில் பரிசோதனை செய்ய வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரேயும், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்களுக்கான ரத்தப் பரிசோதனையும் இதில் முக்கியம். காசநோய் முழுக்க குணமாகியிருந்தாலும் பழைய தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தால் ‘அன்ஃபிட்’ ஆகிவிடலாம். ஆகவே ஏஜென்டிடம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இந்த எக்ஸ்ரேயையும் ரத்தப் பரிசோதனையையும் உள்ளூரில் எடுத்துப் பாருங்கள். “காசு கொடுத்தால் ஃபிட் வாங்கித் தருகிறேன்” என்பவரை நம்பவே வேண்டாம். போய் இறங்கியதும் அந்த நாட்டிலும் மறுபடி மெடிக்கல் உண்டு. அதில் தோற்றால் திருப்பி அனுப்புவார்கள், கட்டிய பணமும் போகும்.

பல் வேலையை இங்கேயே முடித்துவிட்டுப் போங்கள். தொழிலாளர்களுக்குத் தரும் சாதாரண பாலிசிகளில் பல் சிகிச்சை பெரும்பாலும் இருக்காது. ஒரு வேர் சிகிச்சைக்கு அங்கே சம்பளத்தில் பெரிய பங்கு போய்விடும்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் ஆங்கிலத்தில் தெளிவான சீட்டு வாங்குங்கள். அதில் கம்பெனி பெயர் மட்டும் இருந்தால் போதாது, மருந்தின் மூலப் பெயரும் மில்லிகிராம் அளவும் வேண்டும். டோலோ 650 என்று வளைகுடா மருந்துக் கடையில் கேட்டால் புரியாமல் பார்ப்பார்கள். பாராசிட்டமால் என்றால் பனடாலை எடுத்துத் தருவார்கள். கிளைகோமெட் என்பதைவிட மெட்ஃபார்மின் என்றால் வேலை முடியும். மாத்திரைகளை அட்டையோடு, சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் கட்டிக்கொண்டு போகாதீர்கள். போகும் நாட்டில் வரம்பு அதைவிடக் குறைவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட எச்சரிக்கை தேவைப்படும் இடம் இது. மூட்டுவலிக்கு இங்கே எளிதாக எழுதித் தரும் டிரமடால், கோடீன் கலந்த இருமல் டானிக், நரம்பு வலிக்கான பிரிகாபலின், தூக்க மாத்திரைகள் ஆகியவை வளைகுடா நாடுகளில் கட்டுப்பாட்டு மருந்துகள். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு இவற்றைக் கொண்டுபோக, அந்நாட்டு அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் ஓர் அட்டை அகப்பட்டாலும் வழக்கு, சிறை வரை போகும். பக்கத்து வீட்டுக்காரர் “என் பையனிடம் கொடுத்துவிடு” என்று தரும் மருந்துப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். குருமாவுக்குப் போடும் கசகசாவும் அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள்தான். லேபிள் இல்லாத சூரணம், லேகியமும் வேண்டாம்.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈ.சி.ஆர். வகையில், அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகையில் வரும். அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற இந்திய அரசின் இன்சூரன்ஸ் கட்டாயம். பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு 1 லட்சம் வரை. ஏஜென்ட் பணம் கட்டிவிட்டுப் பாலிசித் தாளைத் தராமல் வைத்துக்கொள்வது நடக்கிறது. கேட்டு வாங்கி, நகலை வீட்டில் வையுங்கள். அயலகத் தமிழர் நல வாரியத்திலும் பதிந்துகொள்ளுங்கள்.

இறங்கிய முதல் வாரம்

அமீரகம், சவுதி போன்ற நாடுகளில் இன்சூரன்ஸ் எடுப்பது முதலாளியின் பொறுப்பு. அதற்காக உங்கள் சம்பளத்தில் பிடிப்பது துபாயிலும் சவுதியிலும் சட்டப்படி தவறு. தனிக் கார்டு வரவில்லையே என்று சிலர் பயப்படுவார்கள். அமீரகத்தில் எமிரேட்ஸ் ஐடியும், சவுதியில் இக்காமா என்ற வசிப்பு அனுமதி அட்டையின் எண்ணும் காட்டினாலே போதும். சவுதியில் இருப்பவர்கள் சுகாதாரக் காப்பீட்டு கவுன்சிலின் இணையதளத்தில் இக்காமா எண்ணைப் போட்டால் பாலிசி உயிரோடு இருக்கிறதா, எப்போது முடிகிறது என்று தெரியும். இதை மாதம் ஒருமுறை பாருங்கள். இக்காமாவைப் புதுப்பிக்கவும் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும்.

பாலிசி விவரத்தில் நான்கு வரிகளை மட்டும் கவனமாகப் படியுங்கள். முதலாவது நெட்வொர்க் பெயர், அதாவது உங்கள் பாலிசி செல்லுபடியாகும் ஆஸ்பத்திரிகளின் பட்டியல். ஒரே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நாலைந்து நெட்வொர்க் இருக்கும். தொழிலாளர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சிறியது. பெரிய ஆஸ்பத்திரியின் போர்டில் அந்தக் கம்பெனிப் பெயர் இருக்கிறதே என்று உள்ளே போகாதீர்கள், ‘இந்த நெட்வொர்க் எடுப்பீர்களா’ என்று ரிசப்ஷனில் கேளுங்கள். இரண்டாவது கோ-பே, அதாவது உங்கள் பங்கு. துபாயின் அடிப்படைத் திட்டத்தில் டாக்டரைப் பார்க்க 20 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும். அதே நோய்க்கு ஏழு நாளுக்குள் திரும்பப் போனால் அந்தப் பங்கு கிடையாது. இது தெரியாமல் பத்தாம் நாள் போய் மறுபடி கட்டுகிறவர்கள் நிறைய. மூன்றாவது, ஸ்பெஷலிஸ்ட்டை நேராகப் பார்க்கலாமா என்பது. அடிப்படைத் திட்டத்தில் முடியாது; பொது மருத்துவர் எழுதித் தர வேண்டும். நான்காவது, ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம். துபாய் அடிப்படைத் திட்டத்தில் முதன்முறை சேர்கிறவருக்கு ஆறு மாதம். உயிருக்கு ஆபத்தான அவசரம் மட்டும் விலக்கு. சர்க்கரை இருப்பதை மறைத்து எழுதினால் பிறகு அதை வைத்தே பில்லைத் தள்ளுவார்கள். உண்மையை எழுதுங்கள்.

கத்தாரில் ஹெல்த் கார்டு எடுத்தால் அரசின் ஹமத் ஆஸ்பத்திரிகளில் குறைந்த செலவில் பார்க்கலாம். தனியாக இருக்கும் தொழிலாளர்களுக்கென்று செம்பிறைச் சங்கம் (ரெட் கிரசென்ட்) நடத்தும் சுகாதார மையங்களும் உண்டு. சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகள் வைத்திருப்பவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலருக்கு ஆஸ்பத்திரி இன்சூரன்ஸை முதலாளி எடுக்க வேண்டும். விடுதியில் தங்கும் தொழிலாளர்களுக்கு அதற்கும் மேலாக ஆரம்ப சிகிச்சைத் திட்டம் இருக்கிறது. அங்கே தமிழ் ஆட்சிமொழி; தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று கூச்சமில்லாமல் கேளுங்கள்.

ஓசூர்ப் பக்கமிருந்து படிப்புக்கோ ஐடி வேலைக்கோ பிரிட்டன் போகிறவர்கள் விசாவோடு சுகாதாரக் கட்டணமும் கட்டியிருப்பார்கள். வீடு அமைந்ததும் பக்கத்து ஜி.பி. (பொது மருத்துவர்) கிளினிக்கில் பதிய வேண்டும். அவசரமில்லாத சந்தேகத்துக்கு 111-ஐக் கூப்பிடலாம். ஜெர்மனியில் அதே தேவைக்கு 116117.

டாக்டர் அறையில்

வளைகுடாவில் நர்ஸ்கள் நிறையப் பேர் கேரளத்தவர்; மெதுவாகப் பேசினால் தமிழ் புரியும். கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை ஆட்களுக்குத் தெலுங்கும் கன்னடமும் கைவசம் இருப்பதால் ஆந்திர, கர்நாடக டாக்டர்களிடமும் பேசிக்கொள்ளலாம். நோவு எப்போது ஆரம்பித்தது, எங்கே, என்ன மாத்திரை போட்டீர்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதைப் போனில் ஆங்கிலத்தில் எழுதி வைத்துக் காட்டிவிடுங்கள். சளிக் காய்ச்சலுக்கு ஊசி போடவில்லை என்று டாக்டரைக் குறை சொல்ல வேண்டாம். தேவையில்லாத ஊசி போடாததுதான் சரியான வைத்தியம். ஆன்டிபயாட்டிக்கும் சீட்டு இல்லாமல் கிடைக்காது.

நம் இரண்டு மாவட்டத்துக்காரர்கள் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் போன்ற பகுதிகளின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல்தான் வந்தது. அதற்கு முன் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறையும், சிலருக்கு முதுகு, மூட்டு இறுக்கமும் இருக்கிறது. வெளிநாட்டு டாக்டர் கறையைப் பார்த்துப் புகையிலை என்று நினைக்கலாம். அது சின்ன விஷயம். ஃப்ளோரைடு எலும்பில் ஏறியவருக்கு முதுகெலும்பு, இடுப்பு எக்ஸ்ரேயில் எலும்பு வழக்கத்தைவிட அடர்த்தியாக, வெள்ளையாகத் தெரியும். புற்றுநோய் எலும்புக்குப் பரவினாலும் அப்படித் தெரிவதுண்டு. இதனால் வரும் பரிசோதனைகளும் பயமும் கொஞ்சமல்ல. “குடிநீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள மாவட்டத்தில் வளர்ந்தேன்” என்று முதலிலேயே சொல்லுங்கள். டாக்டர் கேட்கும் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டியதில்லை. அவர் சரியான திசையில் யோசிக்க இது உதவும்.

வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குச் சிறுநீரகக் கல்லும் வெப்பத் தாக்குதலும் அதிகம். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் 3.30 வரை. வேர்வை நின்றாலும் நிற்காவிட்டாலும், வெயிலில் பேச்சு குழறினால் அது சாதாரண மயக்கமல்ல: நிழலுக்குத் தூக்கிப்போய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அவசரம் என்றால்

ஆம்புலன்ஸ் எண்கள்: அமீரகம் 998, சவுதி 997, கத்தாரும் பஹ்ரைனும் 999, குவைத் 112, ஓமன் 9999, சிங்கப்பூர் 995, மலேசியா 999. சவுதியில் மருத்துவ ஆலோசனைக்கு 937. நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் வராமல் போவது, மூச்சுத் திணறல் இவற்றுக்கு நெட்வொர்க் கணக்குப் பார்க்கக் கூடாது.

எண் தெரிந்தும் இடம் சொல்லத் தெரியாமல் நேரம் போவதுதான் வழக்கமான சிக்கல். துபாயில் கட்டட வாசலில் மக்கானி என்ற பத்து இலக்க எண் இருக்கும். கத்தாரில் நீலப் பலகையில் மண்டலம், தெரு, கட்டட எண் மூன்றும் இருக்கும். குடிபோன அன்றே அதைப் போட்டோ எடுத்து அறைத் தோழர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்களின் அடையாள அட்டையை வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொள்வதுண்டு. இருபுறமும் போட்டோ எடுத்து ஊரில் ஒருவருக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

வேலையில் அடிபட்டால்

இதற்குக் கணக்கே வேறு. சிகிச்சைச் செலவு முதலாளியின் பொறுப்பு. அமீரகத்தில் ஆறு மாதம் வரை முழுச் சம்பளமும் உண்டு. அதனால்தான் சில மேஸ்திரிகள் “ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்” என்பார்கள். சொல்லாதீர்கள். டாக்டரின் முதல் சீட்டில் விபத்து நடந்த இடம், நேரம், எப்படி என்று ஒரு வரி இருக்கும். நஷ்டஈடு பெரும்பாலும் அந்த வரியில்தான் நிற்கிறது; அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, தவறாக இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். சீட்டு, எக்ஸ்ரே, இடத்தின் போட்டோ, பார்த்தவர்களின் பெயர், போன் எண் எல்லாவற்றையும் அன்றே ஊருக்கு அனுப்புங்கள். சிங்கப்பூரில் முதலாளி தெரிவிக்காவிட்டாலும், விபத்து நடந்து ஓராண்டுக்குள் நீங்களே மனிதவள அமைச்சகத்தில் நஷ்டஈடு கோரலாம்.

பில் கைமீறினால், ஊர் திரும்பினால்

இன்சூரன்ஸ் மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். பிறகு ஆஸ்பத்திரியின் சமூக சேவைப் பிரிவையும் இந்தியத் தூதரகத்தையும் அணுகுங்கள்; கையில் ஒன்றுமில்லாதவரின் அவசர சிகிச்சைக்குத் தூதரகத்தில் இந்திய சமூக நல நிதி இருக்கிறது. துபாயில் இந்தியர் உதவி மையத்தின் இலவச எண் 800 46342. ஊரில் இருக்கும் குடும்பத்தினர் அயலகத் தமிழர் நலத்துறையை 1800 309 3793-ல் கூப்பிடலாம்.

படுத்த நிலையில் நோயாளியை அழைத்துவர, விமானக் கம்பெனியின் மெடிஃப் என்ற மருத்துவ விவரப் படிவத்தை அங்குள்ள டாக்டர் நிரப்ப வேண்டும். ஸ்ட்ரெச்சருக்குப் பல இருக்கைகளின் கட்டணம் ஆகும், துணைக்கு ஆளும் வேண்டும். நம் பக்கத்துக்குப் பெங்களூரு வழிதான் சௌகரியம் என்றாலும், விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில். ஓசூர் ரோட்டைப் பிடிக்க ஊரையே தாண்ட வேண்டும். எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்று முடிவு செய்து, படுக்கையையும் ஆம்புலன்ஸையும் விமானம் கிளம்பும் முன்பே உறுதி செய்யுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை அரபியில் கொடுத்தால் ஆங்கிலத்தில் கேளுங்கள். ஸ்கேன் படங்களைச் சிடியில் வாங்குங்கள். அறிக்கைத் தாள் மட்டும் இருந்தால் இங்கே மறுபடி முதலிலிருந்து எடுக்கச் சொல்வார்கள்.