நட்ட முடி நட்டது போலத் தெரியாமலிருக்க

வழுக்கையில் முடி நடும் சிகிச்சையில் முன்நெற்றி வரிசைதான் காட்டிக்கொடுக்கும். முதல் இரண்டு மூன்று வரிசைகளில் ஒற்றை முடி வேர்களை மட்டுமே வைக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு, மூன்று முடி சேர்ந்த வேர்களுக்கு இடம் அதற்குப் பின்னால்தான். முன்னால் கொத்தாக வைத்தால் பொம்மைத் தலைதான். ஸ்கேல் வைத்து இழுத்த கோடும் வேண்டாம், லேசாக நெளியட்டும். முடி முன்னோக்கிச் சாய்ந்து படிய வேண்டும்; நெட்டுக்குத்தாக நட்டால் எந்தச் சீப்புக்கும் அடங்காது.

20 வயது நெற்றியைக் கேட்காதீர்கள். நடுவதற்காகப் பின்தலையில் எடுக்கக்கூடிய முடிக்கு அளவுண்டு. வழுக்கை மேலும் பரவினால் நட்டது மட்டும் தீவு போல நிற்கும்.

முதல் 10 நாள் பொருக்கைச் சுரண்டாதீர்கள், நட்ட முடி வேரோடு வந்துவிடும். 2 முதல் 8 வாரத்துக்குள் நட்ட முடி பெரும்பாலும் கொட்டும். பதற வேண்டாம், வேர் உள்ளேயே இருக்கிறது. 3, 4 மாதத்தில் முளைக்கும். முழு அடர்த்திக்கு ஒரு வருடமாவது ஆகும்.