முட்டி வலி என்பான், கோளாறு இடுப்பில் இருக்கும்

வியாசர்பாடிப் பக்கம் ஃபுட்பால் ஆடுகிற பையன் முட்டி வலிக்குது என்றால், ஆட்டத்தில் பட்ட அடி என்று எண்ணெய் தேய்த்தோ புத்தூர் கட்டுப் போட்டோ மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். வலி ராத்திரியில் கூடி அவனை எழுப்புகிறதா? ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை போட்ட அரை மணி, முக்கால் மணியில் அடங்கிவிடுகிறதா? அப்படியென்றால் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற எலும்புக் கட்டியாக இருக்கலாம். இது புற்றுநோய் அல்ல, பரவாது. பெரும்பாலும் 5 முதல் 25 வயதுக்குள், பையன்களுக்கே அதிகம் வரும். கட்டியின் கரு 1.5 செ.மீ.கூட இருக்காது. ஆனால் அதில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம்தான் அத்தனை வலிக்கும் காரணம். அந்தச் சுரப்பைத் தடுப்பதால்தான் மாத்திரை கேட்கிறது.

கட்டி இடுப்பு மூட்டை ஒட்டிய தொடை எலும்பின் கழுத்தில் இருந்தாலும் வலி முட்டியில் தெரியும். இரண்டு மூட்டுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றன. மல்லாக்கப் படுக்க வைத்து, இடுப்பையும் முட்டியையும் 90 டிகிரி மடக்கி, பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் தள்ளிப் பாருங்கள். கவட்டில் வலித்தாலோ, மற்ற காலைவிடக் குறைவாகத் திரும்பினாலோ இடுப்பைத்தான் பார்க்க வேண்டும். முட்டிச்சில்லுக்கு 15 செ.மீ. மேலே இரண்டு தொடையையும் டெய்லர் டேப்பால் அளந்து பாருங்கள். நாள்பட்ட வலியென்றால் அந்தத் தொடை இளைத்திருக்கும். காலை ஊன்றவே முடியவில்லை, காய்ச்சலும் இருக்கிறது என்றால் இதெல்லாம் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பழைய ஜெயில் ரோடு ஸ்டான்லி ஆஸ்பத்திரியோ வேறு எங்கோ, எலும்பு ஓபிக்குப் போகும்போது மாத்திரை போட்ட மணியையும் வலி விட்ட மணியையும் ஒரு வாரம் எழுதி எடுத்துப் போங்கள். மூட்டுக்குள் இருக்கும் கட்டியைச் சுற்றி எலும்பு அதிகம் தடிக்காது, அதனால் எக்ஸ்ரேயில் எதுவுமே தெரியாமல் போகலாம். எம்ஆர்ஐயில் மூட்டு நீரும் எலும்பு வீக்கமும் தெரிந்து, மூட்டு டிபி (காசநோய்) என்று தோன்றிவிடலாம். மூட்டு நீரையோ சதையையோ சோதிக்காமல் டிபி மாத்திரை தொடங்குவதற்கு முன், இடுப்புக்கு 1 மி.மீ. இடைவெளியில் படமெடுக்கும் சிடி ஸ்கேன் எடுக்கலாமா என்று கட்டாயம் கேளுங்கள். கறுப்பு வட்டம், நடுவில் வெள்ளைப் புள்ளி: அதுதான் கரு.

பெரும்பாலும் கத்தி வேண்டாம். சிடி பார்த்தபடியே ஊசி செலுத்தி, ரேடியோ அலையால் 90 டிகிரி செல்சியஸில் 5, 6 நிமிடம் கருவைச் சுடுவார்கள். ஊசி கருவைத் தொடும்போது வலி கடுமையாக இருக்கும் என்பதால் மயக்க மருந்து அவசியம். மாத்திரையிலேயே வருடக்கணக்கில் தள்ளினால் வயிறும் சிறுநீரகமும் கெடலாம், வளரும் பிள்ளைக்கு மூட்டு இறுகலாம். டாக்டர் சொல்லாமல் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

சுட்ட பிறகு நடக்கலாம். துளை போட்ட எலும்பு முறியக்கூடும், அதனால் சுமார் 3 மாதம் ஓட்டம், குதி, பந்து எதுவும் வேண்டாம். ஊசி சில மி.மீ. விலகியிருந்தால் மிச்சக் கரு மறுபடி வளரலாம். பழைய ராத்திரி வலி திரும்பினால் அதே சிடியை மறுபடி எடுங்கள். இரண்டாம் முறையும் சுடலாம்.