அவே ஆட்டத்துக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் என் கால்பந்து அணியின் வெளியூர் ஆட்டங்களுக்கு, அதாவது ‘அவே’ ஆட்டங்களுக்குப், பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். சென்ற பருவத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர், டிசம்பர் ஆட்டத்துக்கான ரயில் சீட்டையும் ஹோட்டல் அறையையும் செப்டம்பரிலேயே பதிவு செய்துவிட்டதாகக் கைப்பேசியைக் காட்டிப் பெருமையுடன் சொன்னார். அந்த மாதத்தில் எந்தெந்த ஆட்டங்களை நேரலையாகக் காட்டுவார்கள் என்ற தொலைக்காட்சித் தேர்வு வெளியாகிவிட்டதா என்று கேட்டேன். “அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?” என்றார். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். டிக்கெட்டை வீட்டில் மறந்துவிட்டு வருவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொன்னால் மட்டுமே தெரியக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

தேதி உறுதியாகும் முன் பயணத்தைப் பதிவு செய்வது

இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கின் 380 ஆட்டங்களுக்கான அட்டவணை வழக்கமாக ஜூன் மாதத்தில் வெளியாகும். வார இறுதி ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமை பிற்பகல் 3 மணி என்றே அதில் குறிக்கப்பட்டிருக்கும். அதை யாரும் முடிவான நேரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை கால்பந்து ஆட்டங்களை அங்கே நேரலையாக ஒளிபரப்புவதில்லை என்ற பழைய ஏற்பாடு இருப்பதால், தொலைக்காட்சிக்குத் தேர்வாகும் ஒவ்வோர் ஆட்டமும் அந்த நேரத்தைவிட்டு வெள்ளி இரவுக்கோ, சனி நண்பகலுக்கோ மாலைக்கோ, ஞாயிற்றுக்கோ, திங்கள் இரவு 8 மணிக்கோ நகர்ந்தாக வேண்டும். வியாழக்கிழமை ஐரோப்பியப் போட்டியில் ஆடும் அணியின் லீக் ஆட்டம் ஞாயிற்றுக்குப் போகும். பாதுகாப்பைக் கருதிக் காவல்துறை கேட்டுக்கொண்டாலும் நேரம் மாறும்.

ஆனால் மலிவான ‘அட்வான்ஸ்’ ரயில் சீட்டுகளின் விற்பனை பயணத்துக்குச் சுமார் 12 வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். புதியவர்கள் சிக்குவது இந்த இடைவெளியில்தான். நானும் ஒருமுறை பிப்ரவரி இறுதியில் நடக்கவிருந்த ஆட்டத்துக்கு, விற்பனை திறந்த அன்றே சனிக்கிழமைச் சீட்டு வாங்கினேன். ஆறு வாரம் இருக்கையில் ஆட்டம் திங்கள் இரவுக்கு மாறியது. அட்வான்ஸ் சீட்டுக்குப் பணம் திரும்ப வராது. நாளை மாற்றலாம் என்றாலும் மாற்றுக் கட்டணத்தோடு விலை வித்தியாசத்தையும் கட்ட வேண்டும். கணக்குப் பார்த்தபோது அது சீட்டின் விலையையே தாண்டியது. எனவே பழையதைக் கைகழுவிவிட்டு, திங்களுக்குப் புதிய சீட்டு எடுத்தேன். இரவு 10 மணிக்கு ஆட்டம் முடிந்தால் ஊர் திரும்ப ரயில் இராது என்பதால், ரத்து செய்ய முடியாத ஹோட்டல் அறை ஒன்றையும் எடுத்தேன்.

அடுத்த இரண்டே வாரத்தில் என் அணி, பிரீமியர் லீக்கிலிருந்து தனியாக நடக்கும் லீக் கோப்பைப் போட்டியின் அரையிறுதியில் வென்றது. இறுதி ஆட்டம் அதே வார இறுதி ஞாயிற்றுக்கிழமை. திங்கள் ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. நாடே கொண்டாடிய வெற்றியைப் போல நண்பர்கள் கூச்சலிட, அதன் நடுவே நான் ஹோட்டலின் ரத்து விதிகளைப் படித்துக்கொண்டிருந்தேன். பின்னர் நேரமாற்ற அறிவிப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஆட்டத்தின் அருகே ஒரு சிறிய நட்சத்திரக் குறி. அடியில், இது கோப்பை முடிவுகளுக்கு உட்பட்டது என்று பொடி எழுத்தில் ஒரு வரி. எல்லாம் எழுதித்தான் வைத்திருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. எரிச்சல் பாதி அவர்கள் மீது, பாதி என் மீது.

இப்போது தொலைக்காட்சித் தேர்வு வரும்வரை ரயிலைத் தொடுவதில்லை. அடிக்குறிப்பு இருந்தால் அந்தக் கோப்பை ஆட்டம் முடியும்வரை காத்திருக்கிறேன். ஹோட்டலை மட்டும், கடைசி நாள்வரை ரத்து செய்யக்கூடியதாகப் பார்த்து, சற்றுக் கூடுதல் விலையானாலும் முன்பே எடுத்துவிடுகிறேன்.

ஹோம் பகுதியில் உட்கார்ந்து சமாளித்துவிடலாம் என்று நினைப்பது

பிரீமியர் லீக்கில் அவே ரசிகர்களுக்கு 3,000 இருக்கைகள் அல்லது மைதானக் கொள்ளளவில் 10 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அது ஒதுக்கப்படும். முந்தைய வெளியூர் ஆட்டங்களுக்குப் போய்ப் புள்ளிகள் சேர்த்தவர்களுக்கே பல கிளப்புகள் முன்னுரிமை தருவதால், புதியவருக்கு டிக்கெட் கிடைப்பது அரிது. எனவே அவர் உள்ளூர் அணியின் ரசிகர்களுக்கான ஹோம் பகுதியில் ஓர் இருக்கை வாங்கி, கழுத்துத் துண்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு போவார். நானும் போனேன். எங்கள் அணி கோல் அடித்ததும், தொண்டைவரை வந்த கத்தலை விழுங்கிக்கொண்டு, குனிந்து ஷூ நாடாவைக் கட்டுவதுபோல் பாவனை செய்தேன். பக்கத்திலிருந்த முதியவர் மெதுவாகச் சொன்னார்: “நாடா அவிழவே இல்லையே.” அவர் நல்லவர், வேறு யாராவது கண்டுபிடித்திருந்தால் ஸ்டூவர்டுகள் எனப்படும் மைதானப் பணியாளர்கள் என்னை வெளியேற்றியிருப்பார்கள், அதற்கு அவர்களுக்கு உரிமையும் உண்டு. கூட்டம் குறைவாகச் சேரும் கோப்பை ஆட்டங்களில் தொடங்குங்கள். அத்தகைய இன்னொரு கோப்பைப் போட்டியான எஃப்.ஏ. கோப்பையில் அவே ஒதுக்கீடு 15 விழுக்காடு வரை போகும்.

தெருவில் விற்பவரிடம் டிக்கெட் வாங்குவது

வேண்டாம். அனுமதியின்றிக் கால்பந்து டிக்கெட் விற்பது 1994 முதல் அங்கே குற்றம். மேலும், பிரீமியர் லீக்கில் அவே டிக்கெட்டின் உச்சவரம்பு 2016 முதல் 30 பவுண்டு; தெருவில் அதற்கு மேல் கொடுப்பது வீண்.

புகைக்குச்சி, பட்டாசு

வாசலைத் தாண்டவே வேண்டாம். மைதானத்துக்குள் இவற்றைக் கொண்டுபோக முயல்வதே குற்றம்.

குழந்தையை நடுவரிசைக்கு அழைத்துப் போவது

1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நேர்ந்த நெரிசலில் 97 பேர் இறந்ததைத் தொடர்ந்து உயர்நிலை மைதானங்கள் முழுவதும் இருக்கைமயமாயின. ஆயினும் அவே பகுதியில் தொண்ணூறு நிமிடமும் எல்லோரும் நின்றுகொண்டேதான் பார்ப்பார்கள். உட்காரச் சொல்லி முன்னால் நிற்பவரிடம் வாதாடிப் பயனில்லை. குழந்தையோடு போவதானால் முதல் சில வரிசைகளைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அந்த ஆட்டத்தை விட்டுவிடுங்கள்.

இறுதி விசில் ஊதியதும் கிளம்பிவிடலாம் என்று கணக்கிடுவது

ஐரோப்பியப் போட்டிகளுக்கு இத்தாலிக்கோ ஸ்பெயினுக்கோ போனால், உள்ளூர் ரசிகர்கள் கலைந்து போகும்வரை வெளியூர்க்காரர்களைக் கதவை மூடி உள்ளேயே நிறுத்திவைப்பது வழக்கம். எவ்வளவு நேரம் என்று ஸ்டூவர்டைக் கேட்டால் தோளைக் குலுக்குவார். அன்றிரவே ரயிலையோ விமானத்தையோ பிடிப்பதாகத் திட்டம் போடாதீர்கள். கைப்பேசியில் கொஞ்சம் சார்ஜ் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.