ரேக்ஸ்: ஒரு லத்தீன் சொல்லுக்கு வேற்றுமை உருபு சேர்ப்பது எப்படி?

தேவாலயச் சிலுவையின் உச்சியில் ஐ.என்.ஆர்.ஐ. என்று நான்கு எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். 'இயேசுஸ் நாசரேனுஸ் ரேக்ஸ் யூதேயோரும்' என்பதன் சுருக்கம் அது. 'நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசர்' என்று பொருள். அதில் வரும் 'ரேக்ஸ்'தான் இன்றைய பாடம்.

படி 1: அகராதியைத் திறந்தால் 'ரேக்ஸ், ரேகிஸ், ஆண்பால்' என்று இருக்கும். பலர் முதல் வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு அப்புறம் திணறுகிறார்கள். இரண்டாவதுதான் முக்கியம். 'ரேகிஸ்' என்றால் 'அரசனுடைய'. இதில் 'கி'யை 'தங்கி'யில் வருவதுபோல் மென்மையாகச் சொல்லுங்கள்.

படி 2: ரேகிஸிலிருந்து 'இஸ்' என்பதை நீக்குங்கள். மிஞ்சும் 'ரேக்' தான் அடிச்சொல். தமிழருக்கு இது புதிதே இல்லை. 'மரம்' என்பதோடு 'ஐ' சேர்த்தால் 'மரமை' என்றா சொல்கிறோம்? 'மரத்து' என்று மாற்றி, 'மரத்தை' என்கிறோம். லத்தீனிலும் அதே கதைதான்.

படி 3: உருபு சேர்க்கலாம்.

ரேக்ஸ் – அரசன்
ரேகெம் – அரசனை
ரேகிஸ் – அரசனுடைய
ரேகீ – அரசனுக்கு
ரேகெ – அரசனிடமிருந்து, அரசனால் (பெரும்பாலும் முன்னால் ஒரு சிறு சொல்லோடு வரும்)

பன்மைக்கு ரேகேஸ், ரேகேஸ், ரேகும், ரேகிபுஸ், ரேகிபுஸ். வரிசை மேலே உள்ளதுதான்.

படி 4: வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். 'செர்வுஸ் ரேகெம் விதெத்': அடிமை அரசனைப் பார்க்கிறான். 'ரேகெம் செர்வுஸ் விதெத்' என்று புரட்டினாலும் பொருள் மாறாது. 'அரசனை அடிமை பார்க்கிறான்' என்று நாம் சொல்வதில்லையா, அதேபோல. உருபு இருக்கும்போது சொல் எங்கே நின்றால் என்ன?

சரி, 'செர்வுஸ் ரேகேஸ் விதெத்' என்றால்? ரேகேஸ் என்பது 'அரசர்கள்', 'அரசர்களை' இரண்டுக்கும் பொது. இங்கே வினைமுற்றைப் பாருங்கள். 'விதெத்' ஒருமை. ஆகவே பார்ப்பவன் அடிமை ஒருவன்தான், பார்க்கப்படுபவர்கள் அரசர்கள்.

பொருளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடைசி மன்னன் தர்க்வீனியுஸைக் கி.மு. 509-இல் விரட்டியதாக ரோமானியர் நம்பினார்கள். அதன்பின் அரசியலில் 'ரேக்ஸ்' என்பது அவர்களுக்கு வெறுப்பான சொல். கி.மு. 44-இல் லூப்பர்காலியா விழாவில் ஜூலியஸ் சீசருக்கு மணிமுடி நீட்டப்பட்டபோது அவர் மறுத்ததற்கும் இந்த வெறுப்பே பின்னணி.

இப்போது உங்கள் முறை. 'லேக்ஸ், லேகிஸ்' என்றால் சட்டம். பெண்பால் சொல்தான், ஆனாலும் உருபுகள் இவையே. 'சட்டத்தை', 'சட்டங்களுக்கு' இரண்டையும் தாளில் எழுதிப் பாருங்கள். லேகெம், லேகிபுஸ் என்று வந்தால் சரி.