சடாமாஞ்சில்: வாங்கும் முன், காய்ச்சும் முன்

சடாமாஞ்சில் வேரைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்குப் பெயர்க் காரணம் சொல்ல வேண்டியதில்லை. விரல் நீளத்தில், செம்பழுப்பு நார் அடர்ந்து, முனிவரின் சடையிலிருந்து ஒரு பிரியைப் பிரித்து எடுத்ததுபோல இருக்கும். இமயமலையில் சுமார் 3000 முதல் 5000 மீட்டர் உயரத்தில் வளரும் சிறு செடியின் வேர்த்தண்டு இது. தூக்கமின்மைக்கும் மனப் படபடப்புக்கும் சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுத்து வருகிறார்கள். கூந்தல் தைலங்களிலும் சேரும்.

இதில் நடக்கும் பெரிய தவறு, காய்ச்சுவதில்தான். சடாமாஞ்சிலின் வாசனை, ஆவியாகிப் போகக்கூடிய எண்ணெயில் இருக்கிறது. புகை கிளம்பும் எண்ணெயில் வேரைப் போட்டால் வீடு முழுக்க மணக்கும்; அந்த மணம் அத்தனையும் தைலத்தில் தங்கியிருக்க வேண்டியது. வேரை ஒன்றிரண்டாக இடித்து, எண்ணெயில் போட்டு, அந்தப் பாத்திரத்தை வெந்நீருக்குள் இறக்கி மெதுவாகச் சூடாக்குங்கள். அப்புறம் சில நாள் ஊறவிட்டு வடிகட்டலாம். வேரில் ஈரம் இருக்கவே கூடாது, தைலம் கெட்டுவிடும். இந்த வேரில் போடும் கஷாயத்துக்கும் இதே கதைதான்: திறந்த பாத்திரத்தில் சுண்டக் காய்ச்ச வேண்டாம், கொதிநீரை ஊற்றி மூடி வையுங்கள்.

பொடியாக வாங்காதீர்கள். பொடியில் என்ன கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. முழு வேரிலும் கவனம் தேவை. இதன் உறவுக்காரச் செடியான இந்திய வலேரியனின் தாவரவியல் பெயரிலும் 'ஜடமான்சி' என்ற சொல் இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அந்த வேர் முடிச்சு முடிச்சாக இருக்கும். இந்தச் சடை நார் அதற்குக் கிடையாது.

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று நினைப்பது இன்னும் ஆபத்து. தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, மனநல மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதை உள்ளுக்கு எடுக்கக் கூடாது. மயக்கமும் அசதியும் கூடலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்ப்பதே சரி. வடித்தெடுத்த வாசனை எண்ணெயை அப்படியே தோலில் தடவாமல் வேறு எண்ணெயில் சில சொட்டு கலந்து, முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவிப் பாருங்கள். வழுக்கையில் முடி முளைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று கிலோ கணக்கில் வாங்கி வைப்பதும் தவறு. நாள்பட்டால் மணம் போய்விடும். வேர்த்தண்டைத் தோண்டி எடுத்தால் செடியே போய்விடுகிறது என்பது அதைவிட முக்கியம். 1997 முதல் இதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிக அருகிய இனமாக, அதாவது அழிவின் விளிம்பில் இருப்பதாக, வகைப்படுத்தியிருக்கிறது. கொல்லையில் பயிர் செய்ததா, காட்டில் தோண்டியதா என்று விற்பவரிடம் கேளுங்கள். ஒரு சிறு புட்டி தைலத்துக்கு ஒரு கைப்பிடி வேர் தாராளம்.