புடிச்ச பேஷன் மேகசின் படத்த பாத்து வேலூர்லயே படம் எடுக்கறது எப்படி

பேஷன் மேகசின்ல எந்தப் படம் புடிக்கும்னு கேட்டா முக்காவாசி பேர் நடிகை பேர சொல்வாங்க, இல்லனா டிரஸ் கலர சொல்வாங்க. பாத்து ரசிக்க அது போதும், ஆனா படம் எடுக்க கத்துக்கணும்னா வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருது, ஆள் பின்னாடி என்ன இருக்கு, துணி எப்படி விழுந்துருக்கு, இதுல எதுக்காக அந்தப் படம் உங்கள நிறுத்துச்சுன்னு உங்களுக்கே தெரியணும்.

அதனால மொதல்ல படங்கள சேருங்க. பழைய பேப்பர் கடைல மேகசின் எடைக்கு கெடைக்கும், இல்லனா பெரிய மியூசியங்களோட வெப்சைட்ல நல்ல குவாலிட்டில பாக்கலாம். யார் எடுத்தாங்கன்னு பேர பாத்து சேக்காதீங்க, கை தானா நின்ன படத்த மட்டும் எடுத்து வைங்க, ஒவ்வொண்ணுக்கும் கீழ ஏன் புடிச்சுதுன்னு ஒரே ஒரு வரி எழுதுங்க. கொஞ்ச நாள் கழிச்சு திரும்ப பாக்கும்போது அந்த வரி இன்னும் உண்மையா இருக்கற படம் மட்டும் போதும், மத்தத தூக்கிடுங்க.

அடுத்து வெளிச்சத்த படிக்கணும், இது ரொம்ப ஈஸி. மாடலோட கண்ண ஜூம் பண்ணுங்க, கருவிழில வெள்ளையா ஒரு பொட்டு தெரியும். சதுரமா இருந்தா ஜன்னல் இல்லனா சாப்ட்பாக்ஸ் (முன்னாடி வெள்ளைத் துணி கட்டுன லைட் பெட்டி), வட்டமா இருந்தா ஸ்டூடியோல லைட்டுக்கு வைக்கற குடை மாதிரி ஏதாச்சும், மோதிரம் மாதிரி வளையமா இருந்தா ரிங் லைட். அப்புறம் மூக்கு நிழல். நிழலோட ஓரம் கத்தில வெட்டுன மாதிரி இருந்தா நேர் வெயில் இல்லனா சின்ன பிளாஷ், ஓரம் கரைஞ்சு போயிருந்தா பெரிய வெளிச்சம் பக்கத்துலயே இருந்துருக்குன்னு அர்த்தம்.

என் லிஸ்ட்ல எப்பவும் மொதல் எடம் அமெரிக்க போட்டோகிராபர் இர்விங் பென்னுக்குதான். 1950-ல வோக் மேகசினுக்காக பாரிஸ்ல ஒரு கட்டடத்தோட மேல் மாடில எடுத்தாரு, வெறும் பகல் வெளிச்சம், பின்னாடி ஒரு பழைய நாடகத் திரை, அவ்ளோதான் செட்டு. அந்தத் திரைய கடைசி வரைக்கும் கூடவே வச்சிருந்தாரு மனுஷன். மாடல் லிசா பான்சாக்ரீவ்ஸ் நிக்கற படங்கள பாருங்க (அதே வருஷம் ரெண்டு பேருக்கும் கல்யாணமும் ஆச்சு), ஒரு பக்க வெளிச்சத்துல கோட்டோட மடிப்பு ஒண்ணொண்ணும் தனியா தெரியும், பின்னாடி சாம்பல் கலர தவிர கண்ண இழுக்க வேற ஒண்ணுமே இல்ல.

ரெண்டாவது, ரிச்சர்ட் அவெடான் 1955-ல பாரிஸ் சர்க்கஸ் ஒண்ணுல யானைங்க நடுவுல டோவிமாங்கற மாடல நிக்க வச்சு ஹார்ப்பர்ஸ் பஜார் மேகசினுக்கு எடுத்தது. டியோர்ங்கற பிரெஞ்சு பேஷன் கம்பெனியோட கறுப்பு கவுன், இடுப்புலேர்ந்து தரை வரைக்கும் வெள்ளை சாட்டின் பட்டை. யானை இருக்கறதால அது பெரிய படம்னு நெனைப்பாங்க, எனக்கு அப்படி தோணல. சுருக்கம் விழுந்த யானைத் தோலுக்குப் பக்கத்துல வழவழன்னு சாட்டின், அந்த ரெண்டும் மோதறதுதான் படமே.

ஓடற மாதிரி படம் புடிக்கும்னா மார்ட்டின் முங்காசி 1933-ல ஒரு பொண்ண கடற்கரைல ஓட விட்டு எடுத்தத தேடுங்க, தெருவுல சாதாரணமா நிக்கற மாதிரி வேணும்னா பீட்டர் லிண்ட்பெர்க் எடுத்த பிரிட்டிஷ் வோக் 1990 ஜனவரி அட்டைப்படம். நம்ம நாட்டுல பிரபுத்த தாஸ்குப்தாவோட கறுப்பு வெள்ளை.

இப்போ எடுக்கற வேலைக்கு வரலாம். பென் மாதிரி எடுக்க ஸ்டூடியோ தேவையே இல்ல, வீட்ல ஒரு பெரிய ஜன்னல் போதும். வடக்கு பாத்த ஜன்னல்ல நேர் வெயில் விழாது, அதனால அதான் பெஸ்ட்னு வெளிநாட்டு ஆளுங்க எல்லாரும் எழுதுவாங்க, அது அவங்க ஊருக்கு சரி. நம்ம வேலூர்ல சித்திரை பாதிலேர்ந்து ஆடி கடைசி வரைக்கும் சூரியன் நாள் முழுக்க வடக்கு பக்கமாதான் சாஞ்சு போவுது, அந்த மாசங்கள்ல தெக்கு ஜன்னலுக்குப் போயிடுங்க, ஐப்பசிலேர்ந்து மார்கழி வரைக்கும் திரும்ப வடக்குக்கு வாங்க. வேற வழியில்லாம வெயில் உள்ள வருதுன்னா பழைய வெள்ளை வேட்டிய ஜன்னல்ல கட்டிடுங்க, நிழலோட ஓரம் உடனே கரைஞ்சிடும். டியூப்லைட்ட கட்டாயம் ஆப் பண்ணுங்க, ரெண்டு கலர் வெளிச்சம் கலந்தா முகம் ஒரு பக்கம் பச்சையா போயிடும். ஆள ஜன்னலுக்குப் பக்கவாட்டுல நிக்க வைங்க, இருட்டு பக்கத்துக்கு வெளிச்சத்த திருப்பி அடிக்க ஒரு தெர்மாகோல் அட்டை, பின்னாடி டிசைன் இல்லாத சாம்பல் போர்வை.

டிரஸ்ஸுக்கு ஆரணிப் பட்டு இருக்கும்போது வேற எதுக்கு தேடணும்? ஆனா பட்டுக்கு நேரா முன்னாடிலேர்ந்து வெளிச்சம் அடிச்சா ஜரிகை வெள்ளையா வெடிச்சு போயிடும், பட்டோட மினுமினுப்பும் தட்டையாயிடும். பக்கத்துலேர்ந்து வரட்டும். போன்ல எடுக்கறீங்கன்னா ஜரிகை மேல வெரல வச்சு லாக் ஆவற வரைக்கும் அழுத்துங்க, அப்புறம் வெளிச்சத்த கொஞ்சம் கீழ இழுங்க, முகம் லேசா இருட்டானா பரவால்ல, அத பின்னால தூக்கிக்கலாம், வெடிச்ச ஜரிகைய திரும்ப கொண்டு வர முடியாது. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ, பேக் படம் எடுக்கறவங்களுக்கும் இதே ஜன்னல்தான், பளபளன்னு இருக்கற லெதருக்கு எதிர்ல வெள்ளை அட்டைய நவுத்திக்கினே இருங்க, தோல் மேல ஒரு நீள வெள்ளைக் கோடு விழற எடத்துல நிறுத்திடுங்க.

அவெடான் ஐடியாவுக்கு நமக்கு கோட்டை இருக்கு. சொரசொரன்னு கருங்கல் சுவரு, அதுக்கு முன்னாடி வழவழன்னு பட்டு, யானையே வேணாம். காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி போங்க, சுவரோட நிழல் பக்கம் ஆள் நிக்கட்டும், தெறந்த வானத்த பாத்து முகம் இருக்கட்டும், மதியம் எடுத்தா கண்ணுக்குக் கீழ குழி விழும். எடம் தொல்லியல் துறை கைல இருக்கு, ட்ரைபாட் வைக்கணும்னா மொதல்லயே அனுமதி வாங்கிடுங்க. கோட்டைக்குள்ள இருக்கற ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபத்து தூண்ல இருக்கற யாளி சிற்பமெல்லாம் அவ்ளோ அழகு, ஆனா அது சாமி கும்பிடற எடம், அங்க போஸ் குடுக்கறது எனக்கு சரியா படல.

எடுத்து முடிச்சதும் ஒரு படத்த ஸ்டூடியோல குடுத்து பிரின்ட் போட்டு, எந்த மேகசின் படத்த பாத்து எடுத்தீங்களோ அதுக்குப் பக்கத்துல வைங்க. மாடல் அழகா, புடவை வெலை என்னன்னு பாக்காதீங்க, மூக்கு நிழல் ரெண்டுலயும் ஒரே பக்கம் விழுந்துருக்கா, ஓரம் ஒரே மாதிரி கரையுதா, அத மட்டும் பாருங்க, ஒத்துப்போச்சுன்னா லிஸ்ட்ல அடுத்த படத்த எடுங்க.