வாடகை வீட்டுப் படுக்கையறை: ஐயாயிரம் ரூபாய்க்குள் புதுசாக்குவது எப்படி?

பத்துக்குப் பத்து அறை, ஒரு கட்டில், ஒரு பீரோ, மேலே பரண், ஒரே ஒரு ஜன்னல். சென்னையில் வாடகைக்கு இருப்பவர்களில் பலருக்கு இதுதான் படுக்கையறை. எங்கள் அறையும் அப்படித்தான். ஆணி அடிக்கவே வீட்டுக்காரரைக் கேட்க வேண்டிய நிலையில் என்னென்ன செய்யலாம் என்று வரிசையாக எழுதுகிறேன். வேலையை நீங்களே செய்தால் பெயின்ட், பல்பு, தையல் கூலி எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள் முடிக்கலாம்.

கையில் உள்ள காசை முதலில் சுவருக்கும், அடுத்து வெளிச்சத்துக்கும் செலவு செய்யுங்கள். படம், பூச்சாடி, ஷோ பீஸ் எல்லாம் மிச்சமிருந்தால் போதும். பொருக்கு உதிரும் சுவரில் எவ்வளவு அழகான படத்தை மாட்டினாலும் எடுபடாது.

1. சுவரைச் சோதியுங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எங்கள் அறையில் பெயின்ட் அடித்த சில மாதங்களிலேயே சுவர் பொருமி, ஏடு ஏடாக உரிந்து வரும். பெயின்ட் மட்டம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தோம். காரணம் பெயின்ட்டுக்கு அடியில் இருந்தது.

முதல் சோதனை: உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். வெள்ளையாக மாவு ஒட்டினால், அடியில் பழைய சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ இருக்கிறது. அதன் மேல் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) அடித்தால், எமல்ஷன் அந்த மாவைத்தான் பிடித்துக்கொள்ளும், சுவரைப் பிடிக்காது. காய்ந்து இறுகும்போது மாவோடு சேர்ந்து பெயர்ந்து வந்துவிடும்.

இரண்டாவது சோதனை ஓதத்துக்கு, அதாவது சுவருக்குள் ஊறியிருக்கும் ஈரத்துக்கு. ஒரு முழ அகலத்துக்குக் கண்ணாடி மாதிரியான பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரம் என்றால் அறையில் காற்றோட்டம் போதவில்லை, அவ்வளவுதான்.

ஈரம் எங்கே தெரிகிறது என்பதை வைத்தே காரணத்தைப் பெரும்பாலும் ஊகிக்கலாம். தரைத்தளத்தில் கீழே இரண்டு மூன்று அடிக்கு இருந்தால் மண்ணிலிருந்து ஏறும் ஓதம். பாத்ரூம் பக்கச் சுவர் என்றால் குழாய்க் கசிவு. மேல் மூலை என்றால் மொட்டை மாடி. இந்த மூன்றையும் பெயின்ட்டால் தீர்க்க முடியாது. போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். அது அவர் செய்ய வேண்டிய வேலை.

வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துக் கூட்டி அள்ளுங்கள்.

எப்போது அடிப்பது? போகிக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். சுண்ணாம்பு இருந்தவரை அதில் தொல்லை இல்லை, ஏனென்றால் சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். எமல்ஷன் ஒரு படலமாக மூடிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த சுவர் தையில் முழுசாகக் காய்ந்திருக்கும் என்று நம்ப முடியாது. மாசி, பங்குனிதான் என் தேர்வு.

2. சுரண்டுதல், பட்டி பார்த்தல்

மாவு உதிரும் சுவரில் தண்ணீரைத் தெளித்து, ஊறியதும் நான்கு அங்குலப் பட்டித் தகட்டால் சுரண்டுங்கள். ஊறினால் வழித்துக்கொண்டு வரும். காய்ந்தபடி சுரண்டினால் கையும் வலிக்கும், தூசியும் பறக்கும். பிறகு நன்றாகக் காயவிடுங்கள்.

பெயின்ட் கடையில் 'பட்டி' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் வெள்ளை சிமென்ட் பட்டிதான் கிடைக்கும். அது வெறும் பூச்சுச் சுவருக்கு நல்லது. ஏற்கெனவே பெயின்ட் இருக்கும் சுவரில் அதைத் தடவினால் சரியாகப் பிடிக்காது. ஆணி ஓட்டை, சின்னக் கீறல் அடைக்க அக்ரிலிக் பட்டி ஒரு கிலோ டப்பா வாங்குங்கள். காய்ந்ததும் 120 நம்பர் உப்புத்தாள், பிறகு 220 போட்டுத் தேய்க்க வேண்டும்.

மாஸ்க் கட்டாயம். ஜன்னல் கம்பி, கதவு ஆகியவற்றின் பழைய எனாமல் பெயின்ட்டைக் காய்ந்த நிலையில் தேய்க்கவே தேய்க்காதீர்கள். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட்டின் தூசியில் ஈயம் இருக்கலாம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று வீட்டில் இருக்க வேண்டாம்.

3. பிரைமர், பெயின்ட்

பிரைமர் ஒரு கோட்டிங் அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். பிறகு எமல்ஷன் இரண்டு கோட்டிங். தண்ணீர் எவ்வளவு கலப்பது, இடைவெளி எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் டப்பாவிலேயே இருக்கும்.

அளவுக் கணக்கு: பத்தடி உயரம் என்றால் நான்கு சுவரும் 400 சதுர அடி. கதவு, ஜன்னல், பரண் போக ஏறக்குறைய 340. இரண்டு கோட்டிங்குக்கு லிட்டருக்கு 60 சதுர அடி என்று டப்பாவில் போட்டிருந்தால் ஆறு லிட்டர் வேண்டும். அந்த எண் ஒரு கோட்டிங்குக்கா இரண்டுக்கா என்று பார்த்து வாங்குங்கள்.

ஸ்பாஞ்ச் ரோலர் எனக்குப் பிடிக்காது, குமிழ் விடும். கொஞ்சம் கூடக் கொடுத்து நூல் ரோலர் வாங்குங்கள். நிறம் வெளிர் சந்தனம் அல்லது வெளிர் பச்சை. ஒரு சுவர் மட்டும் அடர் நிறம் என்பது வாடகை வீட்டில் வேண்டாத வேலை. காலி செய்யும்போது அதை மறுபடி வெளுக்க மூன்று கோட்டிங் ஆகும். வால்பேப்பர் ஸ்டிக்கரும் கடலோரப் புழுக்கத்தில் ஓரம் தூக்கிக்கொள்ளும்.

4. வெளிச்சம்

நம் வீடுகளில் இருக்கும் வெள்ளை டியூப்லைட் பெரும்பாலும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்). துணி தேட நல்லது, தூங்கப் போகும் நேரத்துக்கு ஆகாது. அதை எடுக்க வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் 2700 அல்லது 3000 கெல்வின் எல்இடி பல்பு ஒன்றை, உட்கார்ந்தால் கண் மட்டத்துக்குக் கீழே வருகிற மாதிரி வையுங்கள். பெட்டியில் 'வார்ம் ஒயிட்' என்று இருக்கும். பின் டைப்பா, திருகு டைப்பா என்று ஹோல்டரைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பெயின்ட் நிறத்தை முடிவு செய்வதற்கு முன்பே இந்த பல்பை வாங்கிவிட்டால் நல்லது. மஞ்சள் வெளிச்சத்தில் வெளிர் பச்சை கொஞ்சம் மாறித் தெரியும்.

5. சேலையில் ஸ்க்ரீன்

பெட்டியில் கிடக்கும் பருத்திச் சேலை போதும். ஐந்தரை மீட்டர் என்பது 18 அடி. ஆறடியாக மூன்று துண்டு வெட்டினால், மேலே ராடு நுழைய மூன்று அங்குலமும் கீழே இரண்டு அங்குலமும் மடித்துத் தைத்த பிறகு ஐந்தரை அடி நிற்கும். சேலையின் அகலம் ஏறக்குறைய நான்கடி. நான்கடி ஜன்னலுக்கு இரண்டு துண்டு தொங்கவிட்டால் மடிப்பு தாராளமாக விழும். இரண்டு பக்கமும் கரை நேராக இறங்குவதால் ஓரம் தைக்க வேண்டியதில்லை. முந்தானை வரும் மூன்றாவது துண்டு மற்ற இரண்டோடு சேராது. அதைத் தலையணை உறையாக்குங்கள்.

ஆணி அடிக்க அனுமதி இல்லையென்றால் ஜன்னல் குழிக்குள் ஸ்பிரிங் ராடு போடலாம். ஆணி அடிக்கலாம் என்றால் ஜன்னலுக்கு அரை அடி மேலே ராடு வையுங்கள். அறை உயரமாகத் தெரியும்.

6. கட்டிலும் தரையும்

ஆறேகாலுக்கு ஐந்து கட்டில் என்றால் விரிப்பு 90க்கு 100 அங்குலம். நான் சென்னிமலை விரிப்புதான் வாங்குவேன். துவைக்கத் துவைக்க மெதுவாகும். கட்டிலின் பக்கத்தில் பவானி ஜமுக்காளம் ஒன்று. கோ-ஆப்டெக்ஸில் தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருந்தால் இன்னும் மிச்சம்.

பிற்சேர்க்கை: கருத்துகளில் வந்தவை

மேற்கு ஜன்னலில் சேலை வெளுத்துப் போகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். பழைய எட்டு முழ வேட்டியைப் பாதியாக வெட்டினால் ஆறடி உயரத்துக்கு இரண்டு துண்டு. வெயில் படும் பக்கம் அதை உள்துணியாக வைத்துத் தைத்துவிடுங்கள்.

ஒட்டும் கொக்கி விழுந்துவிடுகிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சுவரில் மாவு இருந்தால் எந்தக் கொக்கியும் நிற்காது. பீரோவின் பக்கவாட்டிலோ மரக்கதவிலோ ஒட்டுங்கள்.

ஓதச் சுவரை மறைக்க பீரோவை ஒட்டி வைக்கலாமா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். வேண்டாம்மா. முதுகுத் தகடு துருப்பிடிக்கும், உள்ளே இருக்கும் பட்டுப் புடவைகளுக்குப் பூஞ்சை வரும். பீரோவைக் காய்ந்த சுவர்ப் பக்கம் மாற்றி, அங்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள்.